ஒரு சாணும் நான்கு விரலும்

வேலையை விட்ட நாளில் பள்ளியிலிருந்து
கேட்டு வாங்கிவந்த உலக உருண்டை.
வ்ரோட்ஸ்வாஃபில் ஊசியைக் குத்தி
மோன்டெவிடியோவரை நூலை இழுத்தேன்.
ஒரு சாணும் நான்கு விரலும்.
பன்னிரண்டாயிரம் கிலோமீட்டருக்குக் கொஞ்சம் குறைச்சல்.
நூல் நேராகப் போனது.
விமானங்களுக்கு அந்தப் பழக்கம் இல்லை.

செவ்வாய், மதியம் இரண்டு மணி.
ஆஸ்பத்திரிப் பின்வாசலில் கையெழுத்துப் போட்டேன்.
பெட்டிக்குள் ஒரு பை.
பைக்குள், யாரோ ஒருவரின் எலும்புக்குள் ஊறியது,
பாலேடு கலந்த பீட்ரூட் சூப்பின் நிறத்தில்.
கொடுத்தவர் ஓர் எண்.
பெறுபவர் இன்னோர் எண்.
எழுத்தில் இருந்தது என் பெயர் மட்டும்:
போக்னா ஷிமான்ஸ்கா, முன்னாள் புவியியல் ஆசிரியை.
எழுபத்திரண்டு மணி நேரம், என்றார்கள்.
அதற்குப் பிறகு அது வெறும் சிவப்பு.

மாலையே மூடுபனி இறங்கிவிட்டது.
ஓடுபாதை விளக்குகளைத் தின்றது,
பிறகு ஓடுபாதையை,
பிறகு கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நின்ற
எங்கள் விமானத்தின் வாலை.
இரவு முழுக்க
தூரம் ஒரு மீட்டர்கூடக் குறையவில்லை.

இருபத்தெட்டு வருடம் கரும்பலகையில் எழுதினேன்:
தூரத்தை வேகத்தால் வகுத்தால் நேரம்.
வேகம் சுழியாக இருந்தால், டீச்சர்?
கடைசி பெஞ்சு வித்தோல்ட் ஒருமுறை கேட்டான்.
வெளியே போ என்றேன்.

விடிந்ததும் மாட்ரிட் வழியாக மாற்றினார்கள்.
பெட்டியைக் கதிர் எந்திரத்தில் வை என்றார் காவலர்.
வைக்கக் கூடாது என்று
மூன்று மொழிகளில் அச்சடித்த தாளை நீட்டினேன்.
அவர் நான்காவது மொழியில் யோசித்தார்.
இருபத்திரண்டு நிமிடம்.

நள்ளிரவுக்கு ஐந்து நிமிடம் முன்பு மேலே ஏறினோம்.
இனி பன்னிரண்டரை மணி, கடல்தான்.
பெட்டி என் பாதங்களுக்கு நடுவில்.
'பூனையா?' என்றான் பக்கத்து இருக்கைக்காரன்.
'கிட்டத்தட்ட.'
அவன் தூங்கினான். நான் குனிந்து குனிந்து
வெப்பமானியைப் பார்த்தேன்.
நான்கு புள்ளி ஒன்று.
நான்கு புள்ளி மூன்று.
நான்கு புள்ளி ஒன்று.

இறங்கும் முன் கடிகாரத்தை
நான்கு மணி நேரம் பின்னால் தள்ளச் சொன்னார்கள்.
தள்ளினேன். எனக்குக் கிடைத்தது,
பைக்குக் கிடைக்கவில்லை.
உள்ளே இருப்பவை
எந்த ஊர் மணியையும் கேட்பதில்லை.
அவற்றுக்கு நாற்பத்தாறரை ஆகியிருந்தது.

வெளியே வியாழன் காலை, கொளுத்தும் ஜனவரி.
பனிக்காலணியோடு டாக்ஸியில் ஏறினேன்.
ஆஸ்பத்திரியில் நூரியா என்ற செவிலி
எண்ணை ஒவ்வோர் இலக்கமாகப் படிக்க
நான் திருப்பிப் படித்தேன்,
வாய்ப்பாடு ஒப்பிக்கும் இரண்டு பிள்ளைகள் மாதிரி.
'மிச்சம் இருபத்து நான்கரை மணி.'
'போதும்,' என்றாள்.

மேலே எங்கோ ஒருவர்
தன் எலும்புகளைக் காலிசெய்துவிட்டுப் படுத்திருந்தார்.
யார் என்று கேட்கக் கூடாது, கேட்கவில்லை.
லிஃப்டின் எண்ணைப் பார்க்கக் கூடாது என்று
யாரும் சொல்லவில்லை.
ஐந்தில் நின்றது.

அப்புறம் ஆற்றங்கரைச் சுவரில் உட்கார்ந்து
காலணியை அவிழ்த்தேன். சாக்ஸை அவிழ்க்கும் முன்பே
தூங்கிப்போயிருக்கிறேன்.

திரும்பும்போது பெட்டி காலி.
கதிர் எந்திரத்தில் நானே தூக்கிப் போட்டேன்,
யாரும் ஏனென்று கேட்கவில்லை.
நடுக்கடலில்
அந்த நான்கு மணி நேரத்தைத் திருப்பிக் கேட்டார்கள்.
கொடுத்துவிட்டேன்.