ஏ என்பது மூன்று

பரீட்சைக்கு முந்தின நாள்
முப்பத்தோரு கணிப்பான்களையும்
நான்தான் துடைத்தேன்.
ஒவ்வொன்றின் முதுகிலும் பெயரெழுதிய பிளாஸ்டர்.
அழி என்றேன்.
நிச்சயமா என்று கேட்டது.
நிச்சயம் என்று அழுத்தினேன்,
முப்பத்தோரு தடவை.
கஜானியில் அது மார்ச் மாதம்.
ஆற்றின் பனிக்கட்டி இன்னும் ஆள் தாங்கும் என்றார்கள்.
ஓரங்களைப் பற்றி யாரும் எதுவும் சொல்லவில்லை.

மறுநாள் ஆறு மணி நேரம்.
கம்பு ரொட்டி, உறை உரித்த சாக்லெட்,
யாரோ கேரட் கடிக்கிற சத்தம்.

இப்போது வெர்னாவின் தாள் என் மேசையில்.
ஏழாம் கேள்வி.
எக்ஸ் வர்க்கம், கழித்தல் இரண்டு ஏ எக்ஸ்,
கூட்டல் ஒன்பது, சமம் பூஜ்யம்.
ஏ எதுவாகவும் இருக்கலாம்.
எக்ஸ் என்ன?

இடப்பக்கம் சாய்கிற அவள் கையெழுத்து
சரியாகத்தான் போயிருக்கிறது:
ஏ, அதோடு கூட்டியும் கழித்தும்
ஒரு வர்க்கமூலம்,
அந்தக் கூரைக்குக் கீழே
ஏ வர்க்கத்தில் ஒன்பது குறைய.
ரூலர் வைத்து அடிக்கோடுகூடப் போட்டிருக்கிறாள்.

அப்புறம், அதன் மேலேயே
மூலைக்கு மூலை ஒரு பெருக்கல் குறி.
தாளின் மறுபக்கத்தில் விரல் வைத்தால் தடவுகிறது.
பக்கத்தில், சின்னதாக:
எக்ஸ் சமம் மூன்று.
கணிப்பானில் சரிபார்த்தேன்.

அடித்ததைத் திருத்தக் கூடாது என்பது விதி.
அடித்தது அடித்ததுதான்.
ஆறுக்குப் பூஜ்யம் போட்டுவிட்டுக்
காபி வைக்கப் போனேன்.

காபி இறங்கும் நேரத்தில்
என் கணிப்பானிடம் அதே கேள்வியைக் கேட்டேன்.
அவள் அடித்த விடையையே சொன்னது,
எழுத்துக்கு எழுத்து.
அப்படியானால் மூன்று எங்கிருந்து வந்தது?

தாளைப் பின்னோக்கிப் புரட்டினேன்.
ஆறு, ஐந்து, நான்கு.
இரண்டாம் கேள்வியில் ஒரு முக்கோணம்.
தோட்டத்து மூலை, மூன்று மீட்டர் வேலி.
அந்தப் பக்கத்துக்கு அவள் வைத்த பெயர்
ஏ.

காலை ஒன்பதரைக்கு வைத்திருப்பாள்.
மதியத்துக்குள் முக்கோணத்தை மறந்தாள்.
அது மறக்கவில்லை.
மறக்கச் சொல்ல ஆள் வேண்டும் அதற்கு;
முந்தின நாள்தான் நான் இருந்தேன்.

என்னுடையதிலும் ஏ-க்கு மூன்றைக் கொடுத்தேன்.
திரும்பக் கேட்டேன்.
எக்ஸ் சமம் மூன்று.
ஒரு கண் இமைப்புகூட இல்லை.

பொய்யும் இல்லை.
ஏ மூன்றென்றால் கூரைக்குக் கீழே ஒன்றும் மிஞ்சாது,
இரண்டு விடைகளும் ஒரே இடத்தில் வந்து
முட்டி நின்றுவிடும்.
கேட்ட கேள்விக்குப் பதில் சொல்லியிருக்கிறது.
என்ன கேட்டோம் என்பது
அவளுக்குத்தான் தெரியாது.

ஆசிரியர் அறையில் சிர்க்கு சொன்னாள்,
இதையெல்லாம் ஆற்றில் போட வேண்டும்.
ஒஸ்மோ சொன்னார்,
கருவி நூற்றுக்கு நூறு சரி, பிள்ளைகள்தான்.
இருவரும் என்னைப் பார்த்தார்கள்.
நான் சர்க்கரை எடுக்கப் போனேன், நான் சர்க்கரை போடுவதில்லை.

சரிபார், சரிபார் என்று
பன்னிரண்டு வருடம் சொல்லிக்கொடுத்திருக்கிறோம்.
எதை வைத்து எதை, என்று
சொன்னதாக நினைவில்லை.

ஹெல்சிங்கிக்குப் போகும் கட்டில்
அவள் தாளின் ஓரத்தில் மட்டும் பென்சிலில் எழுதினேன்:
இரண்டாம் கேள்வியின் முக்கோணத்தைப் பார்க்கவும்.
எழுதலாமா என்று தெரியாது.
அழிக்கவில்லை.

சனிக்கிழமை, பாலத்துக்கு அந்தப் பக்கத்துக் கடை.
கல்லாவில் வெர்னா, பச்சை மேலங்கி.
பால், மெழுகுவர்த்தி, ஒரு சுருள் டேப்.
ஒன்பது யூரோ முப்பத்தைந்து.
இருபது கொடுத்தேன்.

என் கை நோட்டை விடுவதற்குள்
பத்து யூரோ அறுபத்தைந்து
அவள் உள்ளங்கையில் இருந்தது,
சரியாக, ஐந்து சென்ட் உட்பட.

கொடுக்கவில்லை.
திரை எண்ணைக் காட்டும்வரை
கையை மூடி வைத்துக்கொண்டு
காத்திருந்தாள்.