மீதி ஐம்பது

எல்குஜா இரண்டையும் மேசைமேல் வைத்தார்.
ஒன்று இருநூற்றைம்பது வரை நீளும்,
மற்றது முந்நூறு.
இரண்டுக்கும் முன்பே ஆட்கள் இருந்திருக்கிறார்கள்.
முந்நூறின் ரப்பர் வளையத்தில் நாய்ப்பல் தடம்.
இருநூற்றைம்பதின் மூடியில்
ஒரு குழந்தையின் கோணல் எழுத்து: தொடாதே.

முந்நூறுதான் மலிவு. முந்நூற்றுப் பத்து லரி.
மில்லிமீட்டருக்கு ஒரு லரி,
மேலே பத்து எல்குஜாவின் டீக்கு.
குட்டைக்கு நானூறு கேட்டார்.
ஏன் என்றேன்.
"உள்ளே ஒரு கண்ணாடி மிதக்கிறது, நாஸிப்ரோலா.
உன் கை இந்தப் பக்கம் நடுங்கினால்
அது அந்தப் பக்கம் நடுங்கும்."

என் கை நடுங்காது.
இரவு பதினொன்றிலிருந்து காலை ஆறு வரை
அடுப்பின் வாய்க்குள் இடுப்பு மட்டும் குனிந்து
கொதிக்கும் சுவரில் மாவை அறைகிற கை.
தூக்கிப் பார்த்தேன்.
குட்டை ஒரு ரொட்டி கனம்,
நெட்டை ஒன்றேகால்.

கடை வாசலில் நின்று
எதிர்வீட்டு நாலாம் மாடித் துணிக்கொடியில்
ஒரு நீலக் கிளிப்பைக் குறிவைத்தேன்.
முந்நூறில் கிளிப் பெரிதாக வந்தது,
ஓரமெல்லாம் ஊதா, சாயம்போகும் சட்டை மாதிரி.
கம்பிச்சுருள் இருக்க வேண்டிய இடத்தில் ஒரு புகை.
என் நடுங்காத கை
அந்தப் படத்தில் இருந்தது.
குட்டையில் கிளிப் சிறிசு.
ஆனால் சுருளை எண்ணலாம்.
மூன்று சுற்று.

அடுத்த படத்தில் கொடிக்குப் பின்னால் ஒரு பெண்.
நேராக என்னைப் பார்க்கிறாள்.
அவசரப்படாமல் ஒரு படுக்கை விரிப்பை எடுத்து
எங்கள் இருவருக்கும் நடுவில் காயப்போட்டாள்.
லென்ஸைத் தாழ்த்தினேன்.
இருநூற்றைம்பதா முந்நூறா என்றெல்லாம்
அவளிடம் போய் விளக்க முடியாது.

நானூறை எண்ணிக் கொடுத்தேன்.
மீதி ஐம்பதுக்கு என்ன செய்ய?
"நடந்து போ," என்றார் எல்குஜா.

செப்டம்பரில்
பத்தூமிக்கு மேலே அந்தக் குன்றில்
தெற்கே போகும் பருந்துகள் ஆற்றுப் பெருக்காய்.
எந்தெந்த நாட்டுக்காரர்களோ வந்து
முக்காலிமேல் பீரங்கி ஏற்றியிருந்தார்கள்.
ஒன்றின் விலைக்கு எங்கள் தெருவில் ஓர் அறை கிடைக்கும்.
என் படங்களில் காற்புள்ளிகள்.
வாக்கியமே இல்லாத வெள்ளைத் தாளில்
நூற்றுக்கணக்கில் காற்புள்ளிகள்.
மோட்டாரோ
பேருந்துப் படியில் சில்லறை தேடும் ஆள்போல
எல்லாப் பையையும் தடவி முடிப்பதற்குள்
பேருந்து போய்விட்டது.
வானத்தில் எப்படி நடப்பது, எல்குஜா?

நாலாம் நாள் மழை பிடித்துக்கொண்டது.
பீரங்கிகள் உறைக்குள் போயின.
ஜெமாலின் கொட்டகைத் தாழ்வாரத்தில் ஒதுங்கினேன்.
வேலிக் கம்பத்தில்
ஒரு தேன்பருந்து.
நனைந்த கோட்டைக் கழற்ற மனமில்லாதவர்போல
இறக்கைகளைத் தொங்கவிட்டுக்கொண்டு.
கை நீட்டினால் தொடலாம்.

லென்ஸ் மாட்டேன் என்றது.
ஒரு மீட்டருக்குள் அதற்குக் கண் தெரியாது.
ஜூமைக் கடைசி வரை உள்ளே இழுத்தேன்.
அப்போதும் சில்லறை தேடியது.
ஓர் அடி பின்னால் வைத்தேன்.
இன்னும் அரை அடி.
முதுகில் கொட்டகைச் சுவர்.
மீதி ஐம்பதையும் நடந்துவிட்டேன், எல்குஜா,
பின்பக்கமாக.

முந்நூறாக இருந்திருந்தால்
அரை மீட்டர் கூடக் கேட்டிருக்கும்.
சுவரை இடித்திருக்க வேண்டும்.

க்ளிக்.
பருந்து என் பக்கம் திரும்பக்கூட இல்லை.

காலையில் மாவுக் கையோடு
லாமாரா திரையைப் பெரிதாக்கிப் பார்த்தாள்.
கூர்மை விழுந்திருந்தது முள்கம்பியில்,
அதில் தொங்கிய ஒரு துளியில்,
துளிக்குள் தலைகீழாகக் கொட்டகை, நான்.

"துளி நல்லா வந்திருக்கு," என்றாள்.
"பின்னாடி அந்தக் கோழி யாருது?"