இடக்கை

புந்தா அரேனாஸ். ஜன்னலை அறைகிறது காற்று.
ஒளிப்பலகையில் ஓர்தென்சியாவின் இடுப்பு:
முப்பது பருவம் செம்மறி மயிர் கத்தரித்துக்
குனிந்தே கழிந்த முதுகு.

பக்கவாட்டில் நுழைவதாகத்தான் திட்டம்.
ஏட்டு இடுப்பில் அந்த வழி திறந்திருக்கும்.
இவளுக்கோ இடுப்பெலும்பின் விளிம்பு
நான்காம் முள்ளெலும்பையும் மறைத்து
மதகுப் பலகைபோல் எழும்பி நிற்கிறது.

கீழிருந்து நான் எண்ணினேன்.
மேலிருந்து ரதோவிச் எண்ணினான்.
ஒன்று இடித்தது.
கடைசி முள்ளெலும்பு
இடுப்புக்கூட்டோடு பாதி ஒட்டி, பாதி விலகி,
எந்த வீட்டில் உண்பதென்று தெரியாத பிள்ளைபோல.
மறுபடி எண்ணினோம், கழுத்திலிருந்து.
மாத்தே ஆறிப்போனது.

சாயங்காலம் அவளிடம் சொன்னேன்:
"பின்பக்கமாகப் போகிறோம். வடு கொஞ்சம் நீளும்."
அவள் இடக்கையைத் தூக்கிக் காட்டினாள்.
"வலக்கை வெட்டும். இது முன்னால் போய்
இடுப்பெலும்பைத் தேடும்.
ஒவ்வொரு ஆட்டுக்கும் ஒவ்வோர் இடத்தில் இருக்கும், சனியன்.
தேடாமல் வெட்டிய அன்றெல்லாம் ரத்தம்."

இன்று காலை, கத்தியை வாங்குமுன்
என் இடக்கை, என்னைக் கேட்காமலே,
அவள் இடுப்பு மேட்டைத் தேடிப் போயிற்று.

உயரமாகத்தான் இருந்தது.