இந்தப் பக்கம் உட்காரலாம்

மாவு பிசைகிற மாதிரிதான் தொடக்கம்.
சிலிக்கோன் நூறு கிராம்,
அதைப்போல இரண்டு மடங்கு இரும்புத் தூள்,
தும்மினால் போச்சு ஒரு வாரச் சம்பளம்.
குமிழி போக வெற்றிடக் குடுவையில் நாற்பது நிமிடம்,
பிறகு அடுப்பு.
வெளியே சோஹார் தானாகவே வெந்துகொண்டிருக்கும்.

வெந்து வருவது களியும் இல்லை, ரப்பரும் இல்லை.
வரவேற்பறைக் கிண்ணத்து ஓமானி அல்வாவை
யாரும் பார்க்காதபோது விரலால் அமுக்கியவர்களுக்கு
அந்தக் குழைவு தெரியும்.

சுருளில் இரண்டு ஆம்பியர் விடுகிறேன்.
சிதறிக் கிடந்த துகள்கள்
ரேஷன் கடை திறந்தாற்போல வரிசை கட்டுகின்றன,
முன்னவன் முதுகைப் பின்னவன் பிடித்துக்கொண்டு.
விரல் இறங்க மறுக்கிறது.
அணைத்தால்
யாரும் யாரையும் தெரிந்ததாகக் காட்டிக்கொள்வதில்லை.

எசக்கிமுத்துவுக்கு இடது முழங்காலுக்குக் கீழே
ஒன்பது சென்டிமீட்டர் மிச்சம்.
மற்றது அலுமினிய ஆலையில், கிரேனுக்கு அடியில்.
செயற்கைக் காலின் குழிக்குள் என் ஜெல்லை ஒட்டினோம்:
நடக்கையில் இறுக, உட்காருகையில் இளக.
ஓட வேண்டும் என்று அவர் கேட்கவில்லை.
"தரையில சம்மணம் போட்டுச் சாப்பிடணும் மேடம்."
பத்து மாதத்துக்குப் பிறகு சாப்பிட்டார்.
நோட்டில் எழுதினேன்:
வலி இல்லை. சோறு இரண்டாவது முறை வாங்கினார்.

வேலைக்குத் திரும்பிய மூன்றாம் நாள் போன்.
"சுவிட்சை அணைச்சிட்டேன்.
பாட்டரியையும் கழத்திட்டேன்.
விட மாட்டேங்குது மேடம், நண்டு மாதிரி கவ்வுது."

கம்பியா, கசிவா, என் கலவையா?
ராத்திரி முழுக்க நோட்டைப் புரட்டினேன்.
ஆலை வாசலில்
கைக்கடிகாரத்தையும் வங்கி அட்டையையும் வாங்கி வைத்துக்கொண்டு
நெஞ்சில் பேஸ்மேக்கர் உண்டா என்று காவலாளி கேட்டபோதுதான்
உறைத்தது.

ஒரு கிலோமீட்டர் நீளக் கூடம்.
உலைக்கு உலை தாவிப் போகிறது
முந்நூற்றைம்பதாயிரம் ஆம்பியர்.
மேற்பார்வையாளர் ஹிலால் அல் பலூஷியின் உள்ளங்கையில்
காகிதக் கிளிப்புகள்
சேவல் கொண்டையாய் எழுந்து நின்றன.
"புதுசா?" என்று சிரித்தார்.
நான் இரண்டு ஆம்பியருக்குப் பெருமைப்பட்டவள்.

எசக்கிமுத்து நின்றுகொண்டிருந்தார்,
கையில் ஆறிப்போன டீ,
உட்கார வழியில்லாமல்.
"கதவுப் பக்கம் நடங்க" என்றேன்.
காந்தமானியில் எண் இறங்கியது.
பதினேழாவது எட்டில் "விடுது" என்றார்.
திரும்பச் சொன்னேன். "பிடிக்குது."
மறுபடி. "விடுது."
மூன்றாம் தடவை நோட்டுக்காக.
அந்த இடத்தில் சாக்பீஸால் ஒரு கோடு போட்டு
அரபியில் பலூஷியும் தமிழில் நானும் எழுதினோம்:
இந்தப் பக்கம் உட்காரலாம்.

காந்தம் புகாத உலோக உறை அடிக்க
எட்டு நாள் ஆனது, முந்நூறு கிராம் கூடுதல் எடை.
எடுத்துக்கொண்டு போனேன்.
சாக்பீஸ் கோடு மஞ்சள் பெயின்ட் ஆகியிருந்தது.
கோட்டுக்கு இப்பால் அட்டைப்பெட்டிகள் விரித்து
ஏழு பேர், இரண்டு காலும் உள்ளவர்கள்,
டீ குடித்துக்கொண்டு.
தாபா நகர்ந்து எனக்கு இடம் விட்டான்.
பெஞ்சு கேட்டு ஐந்து வருடமாக மனு கொடுத்த கூடமாம்.
"மருத்துவக் காரணம்" என்றார் பலூஷி,
உலைகளைப் பார்த்தபடி.

எசக்கிமுத்து உறையைக் கையில் வாங்கிப் பார்த்தார்,
மீன் வாங்குகிறவர் மாதிரி புரட்டி.
"இதைப் போட்டா எங்க வேணா உட்காரலாமா?"
"ஆமா."
"அப்போ கோடு?"

எனக்குப் பதில் தெரியவில்லை.
உறையைத் துணியில் சுற்றித் திருப்பித் தந்தார்.
"அடுத்த மாசம் மாட்டிக்கலாம் மேடம்.
டீ ஆறுது."