கும்பத்தில் சந்திரன்

போரா காற்று அடிக்கிற நாளில் கடைக்கதவைத் திறப்பவர்
நிஜமாகவே ஏதோ வாங்க வந்தவர்.
திரியெஸ்தேயில் முப்பது வருடம் பழைய புத்தகம் விற்று
நான் கற்ற ஒரே சாஸ்திரம் இது.

நிவெஸ் பெர்த்தோத் உள்ளே வந்ததும்
சுவரில் கடல்வரைபடங்கள் படபடத்து அடங்கின.
கோட்டுப் பைக்குள்ளிருந்து ஒரு சமையலறைத் துண்டு,
துண்டுக்குள் டாரட் சீட்டுக்கட்டு.
எழுபத்தெட்டும் இருக்கின்றன, எண்ணிவிட்டேன், என்றாள்.
கையேடு மட்டும் இல்லை.

பார்த்தேன்.
மூலையில் எபிரேய எழுத்து, அடியில் கிரகக்குறி,
பின்னணியில் கோணமானி வைத்து இழுத்த கோடுகள்.
வரைந்தவர் எதையும் சும்மா விடவில்லை;
நாயின் வாலில்கூட ஒரு கணக்கு.
இந்த மாதிரிக் கட்டு
தன்னைவிடக் கனமான புத்தகத்தைத்
துணைக்குக் கேட்கும்.
எனக்கு இதிலெல்லாம் நம்பிக்கையில்லை.
நம்பிக்கையில்லாதவன்தான் அந்த அலமாரியை
ஒழுங்காக வைத்திருக்க முடியும்.

நான்கு எடுத்துப் போட்டேன்.
அட்டையைப் பார்க்கவில்லை, முன்னுரை பக்கம் போகவில்லை.
கட்டிலிருந்து ஒரே ஒரு சீட்டை உருவி
மேசையில் வைத்தாள். வாள் ஏழு.
ஆறு நிமிர்ந்து நிற்கின்றன, ஏழாவது பாதி தண்ணீரில்.
இதற்கு என்ன சொல்கிறார்கள், பார்ப்போம்.

முதல் புத்தகம் முழுக்க அட்டவணை:
கும்பத்தில் சந்திரன். ஏழாம் கோளம்.
கோளத்தின் பெயர் வெற்றி, சீட்டின் பெயர் வீண்முயற்சி.
எப்படி என்றால் பக்கம் இருநூற்றுப் பதினொன்று.
அந்தப் பக்கம் இன்னொரு பக்கத்தைக் காட்டியது.

இரண்டாவது:
அருகில் இருப்பவர் ஏமாற்றுவார். பயப்படாதே.

மூன்றாவதில் அந்தத் தாளே இல்லை.
யாரோ சவரக்கத்தியால், அவ்வளவு நேராக.

நான்காவது மெலிந்தது. இந்தச் சீட்டுக்கு ஆறே வரி,
கடைசி வரி:
தண்ணீருக்குள் வாள் வளைந்திருப்பது ஒளியின் வேலையா,
ஓவியரின் கை நழுவியதா,
நாற்பது வருடம் பார்த்தும் எனக்குத் தெரியவில்லை.

அவள் அதில் விரலை வைத்தாள்.
எடுக்க நேரமானது.

மருத்துவமனையில் எக்ஸ்ரே எடுக்கிறவள் நான், என்றாள்.
எங்களுக்கும் ஒரு துணைநூல் உண்டு.
நோய் அதில் பின்னால்தான் வரும்.
முதல் பாதி முழுக்க நல்ல எலும்பு,
நல்ல எலும்பே இருநூறு விதம்.
அதைப் பார்த்துப் பழகாத கண்ணுக்கு
எல்லா நிழலும் சாவுதான்.

பிறகு, நான் கேட்காமலே:
டிசம்பரில் ஒருவர், துறைமுகத்தில் கிரேன் ஓட்டியவர்,
சட்டையைக் கழற்றச் சொன்னால்
இந்தக் கட்டைக் கையில் கொடுத்தார், பத்திரம் என்று.
மேலே இருந்த சீட்டைத் திருப்பி
இதில் என்ன தெரிகிறது, என்றார்.
எனக்கு நுரையீரல் மட்டும்தான் தெரியும், என்றேன்.
சிரித்தார்.
மூச்சைப் பிடியுங்கள், என்றேன்.
இரண்டாவது படத்துக்கு அவர் வரவில்லை.
கட்டைக் கேட்டும் யாரும் வரவில்லை.

முதலாவதையும் நான்காவதையும் எடுத்துக்கொண்டாள்.
பொருந்தாத ஜோடி, என்றேன். ஒன்று மூச்சுவிடாமல் பேசும்.
மற்றதற்குப் பாதி தெரியாது.
வழித்துணைக்கு வருகிறவருக்கு
வழி தெரிந்திருக்க வேண்டுமா என்ன, என்றாள்.
முப்பத்தொரு யூரோ. சில்லறை சரியாக வைத்திருந்தாள்.
கதவு அவளைத் திரும்ப உள்ளேயே தள்ளியது;
தோளைக் கொடுத்துத் திறந்து போனாள்.

பயப்படாதே புத்தகம் மறுநாள் காலையே விற்றது.
வாங்கியவர் ஒரு சீட்டைக்கூட வைத்துப் பார்க்கவில்லை.
தாள் போனது இன்னும் என்னிடம்தான்.
கடை அடைத்தபின் சில நாள்
அந்த வெட்டின் விளிம்பைத் தடவிப் பார்க்கிறேன்.
நல்ல கை.
நடுங்கவில்லை.