முடிவுகள்: 0

மழை விட்ட திங்கட்கிழமை, வந்தாறுமூலை.
கணினியைத் திறந்ததும் நான் முதலில் பார்ப்பது
கிடைக்காமல் போனவற்றை.
யார் எதைத் தேடி
வெறுங்கையோடு திரும்பினார்கள் என்று
ஒரு பதிவு வரும்.
பெயர் வராது. நேரமும் சொல்லும் மட்டும்.

அதிகாலை 2.14.
அறக்கொட்டி.
முடிவுகள்: 0.

அந்த நேரம் டேட்டா மலிவு,
முழித்திருப்பவர்கள் அதிகம்.
அதுவல்ல விசயம்.
633.18இல் நெல், 632.7இல் பூச்சி.
இரண்டு தட்டுக்கும் நடுவில்
அந்தச் சின்னப் பூச்சியைப் பற்றி
நாற்பத்தொரு புத்தகம் வைத்திருக்கிறேன்,
ஆய்வேடுகள் வேறு.
ஒன்றுக்கும் தெரியாது
வயலில் அதற்கு என்ன பெயரென்று.
நீலபர்வதம் போல் ஒலிக்கும் லத்தீன் பெயர் ஒன்று,
கபில நிறத் தத்தி என்று திணைக்களம் வைத்தது ஒன்று,
ஆங்கிலத்தில் இன்னொன்று.
உன்னிச்சைப் பக்கம் வட்டம் வட்டமாய்க்
கருகி நிற்கும் பயிரைப் பார்த்து
இந்த மூன்றில் எதையும் சொல்லி
எவரும் தலையில் கைவைத்ததில்லை.

போன மாதம் பீடக் கூட்டத்தில் கேட்டார்கள்,
விவசாயத்துக்கென்று தனியே ஒரு நூலகர் எதற்கு,
எல்லாம்தான் இணையத்தில் இருக்கிறதே?
கேட்டவர் கலாநிதி புவிராஜசிங்கம்.
நல்ல மனிதர்.
உவர் மண் பற்றி எழுதுகிற நாட்களில்
பின்னேரம் நாலு மணிக்கு வந்து
‘மிஸ், அந்தச் சிவப்பு அட்டை’ என்பார்.
எந்தச் சிவப்பென்று எனக்குத் தெரியும்.
கூட்டத்தில் நான் ஒன்றும் சொல்லவில்லை.
தேநீர் ஆறிப்போயிருந்தது.

இன்று ஒரு வரி சேர்த்தேன்.
அறக்கொட்டி: கபில நிறத் தத்தியைப் பார்க்க.
பட்டியலாக்கப் பிரிவிலிருந்து றிஸ்மியா
உடனே போன் எடுத்தாள்.
‘இப்பிடி ஒரு தலைப்பு நம்மட விதியில இல்லியே.’
‘இல்லைதான்.’
‘மறுகா ஆர் பொறுப்பு?’
‘என்ட பெயரைப் போடுங்க.’
ஏறாவூர்ப்பற்றில் அவள் வாப்பாவுக்கு
நாலு ஏக்கர்.
கொஞ்ச நேரம் போனில் மின்விசிறிச் சத்தம்.
‘சரி, விடுறன்.’

வியாழன். அதிகாலை 1.50.
அரக்கொட்டி.
முடிவுகள்: 0.

அதே ஆளோ, வேறாளோ.
சின்ன ர போட்டிருக்கிறது.
பிழையென்று திருத்துவதற்கு
என் முன்னால் ஒருவரும் இல்லை.

வாசல் கதவு திறக்க முன்
அந்தப் பிழையையும் உள்ளே எடுத்தேன்.
றிஸ்மியாவுக்கு இன்னும் சொல்லவில்லை.