வலைக்கல்

தராசில் ஏறும்போது அவள் மூச்சைப் பிடித்துக்கொண்டாள்.
எல்லோரும் பிடிப்பதுதான்.
காற்றுக்கும் எடை உண்டென்று நம்புகிறவர்கள்
மலாவி ஏரிக்கரையின் இந்தச் சுகாதார நிலையத்துக்கு
நிறைய பேர் வருகிறார்கள்.

நாற்பத்தாறு கிலோ அறுநூறு.
போன மாதம் நாற்பத்து நாலு எழுநூறு.
நல்லது தவோங்கா, என்றேன்.
வரிசையில் இருந்த பெண்கள் கைதட்டினார்கள்.
தட்டச் சொல்லிப் பழக்கியவள் நான்தான்.

பிறகு மேற்கையில் நாடாவைச் சுற்றினேன்.
இருபத்தொரு சென்டிமீட்டர்.
போன மாதமும் அதே இருபத்தொன்று.
கைதட்டல் காதில் விழாததுபோல
நாடா சிவப்பிலேயே நின்றது.

வயிற்றை அளக்கப் படுக்கச் சொன்னேன்.
இடுப்பில் சுற்றிய சித்தெஞ்சேத் துணியின் முடிச்சிலிருந்து
உருண்டு விழுந்தது ஒரு கல்.
நடுவில் துளை. துளையில் அறுந்த நைலான் நூல்.
வலையை ஆழத்தில் நிறுத்துகிற கல்.

அவள் கூரையைப் பார்த்தாள்.
நானும் கொஞ்ச நேரம் கூரையைப் பார்த்தேன்.
அங்கே ஒரு குளவி
ஈரமண் சுமந்து சுமந்து கூடு கட்டிக்கொண்டிருந்தது.

"போன தடவை எல்லோர் எதிரிலும் கேட்டீர்களே,
உன் பிள்ளையைப் பட்டினி போடுகிறாயா என்று."

கேட்டேன்தான்.
அது பதிவேட்டில் இல்லை.

என்ன சாப்பிட வேண்டும் என்று பதினோரு வருடமாய்ச் சொல்கிறேன்.
சுவரில் படம்கூட உண்டு, ஆறு வகை உணவும் ஒரே வட்டத்தில்.
அன்றைக்குப் படத்துக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து
நேற்று என்ன சாப்பிட்டாய் என்றேன்.

காலையில் ஒன்றுமில்லை.
சனவரி; மக்காச்சோளக் குதிரில் எலிக்கே வேலை இல்லாத மாதம்.
மதியம் மாங்காயும் உப்பும்.
இரவு நிசிமாக் களி, பானையில் ஒட்டியது.
முட்டை?
கோழி மாமியாருடையது.
அதுவுமில்லாமல், முட்டை தின்றால் பிள்ளை மொட்டையாகப் பிறக்கும்.
"எல்லாப் பிள்ளையும் கிட்டத்தட்ட மொட்டைதானே," என்றேன்.
சிரித்தாள். ஈறு வெளுத்திருந்தது.
உசிப்பா மீன்?
வாசல் பரணில் காய்கிறது, ஆயிரக்கணக்கில்.
"அது விற்பதற்கு."

கணவனை அழைத்து வா என்று மூன்று சீட்டு எழுதியிருந்தேன்.
சீட்டுக்கு வராதவன் கல்லுக்கு வந்தான்,
மறுநாள் விடிந்தும் விடியாமலும், ஈரக் கால்சட்டையோடு.
வேஸி என்று பெயர்.
வலை ஒரு பக்கம் மிதக்கிறதாம்.

கல்லைக் கையில் கொடுத்து எடை சொல்லு என்றேன்.
மீன்காரன் கை. ஒருமுறை ஏற்றி இறக்கி,
"ஒன்றேமுக்கால் கிலோ."
ஒன்று எழுநூறு என்றது தராசு.
"இத்தனையும் போன மாதம் அவள் உடம்பில் ஏறியிருக்க வேண்டியது.
ஏறியது இருநூறு கிராம்."

அவன் பெருவிரல் துளையின் விளிம்பைத் தடவிக்கொண்டிருந்தது.
"இதையா நாலு மைல் சுமந்து வந்தாள்?"
"ஆமாம்.
ஏற்றத்தில்."

இரும்புச் சத்து, புரதம், பிரசவத்துக்குள் பன்னிரண்டு கிலோ என்று
மனப்பாடமாய் வைத்திருந்த பேச்சை
மடித்து மேசைக்குள் போட்டேன்.
"விற்பதற்கு முன்னால் தினம் ஒரு பிடி மீன் அவளுக்கு.
உன் பிடி. அவள் பிடி இல்லை."
அவன் சரி என்று சொல்லவில்லை.
கல்லை எடுத்துக்கொண்டு போனான்.

பிப்ரவரியில் வந்தாள்.
ஒரு கிலோ நூறு கூடியிருந்தது. போதாது.
நாடா இருபத்தொன்றரை. இன்னும் சிவப்புதான்.
கைதட்டத் தயாரான பெண்களைக் கையமர்த்தினேன்.
கேட்காமலே துணியை அவிழ்த்து உதறிக் காட்டினாள்.
விழுந்தது இரண்டு கருவாடு,
வழிக்கென்று முடிந்து வைத்தது.

"தலை கசக்கிறது," என்றாள், பொறுக்கிக்கொண்டே.
"தூக்கிப் போடவும் முடியவில்லை.
எண்ணிக் கொடுக்கிறான்."